பவுனுத்தாய் பேப்பர் ஒட்டாத கார்

நாகலூர் வெயில் வந்தால் வெறுங்கையோடு போகாது. கொடியில் காயும் சேலையில் கொஞ்சம், கடைப் பலகையில் கொஞ்சம், தேர்தலுக்கு எழுதிய சுவரில் கொஞ்சம் என்று நிறத்தை வழித்து எடுத்துக்கொண்டுதான் மேற்கே இறங்கும். கரிசல் மண்ணிடம் மட்டும் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. கறுப்பை எடுத்து என்ன செய்ய என்று விட்டுவிட்டது. அந்த வெயிலிடம் அதிகம் பறிகொடுத்தது யார் என்று கேட்டால் ஊரில் எல்லாரும் சண்முகக்கனி அண்ணாச்சியின் பியட் காரைத்தான் காட்டுவார்கள். வாங்கிய புதிதில் அது பழுத்த மிளகாய் நிறம். பஜார் முக்கில், ஒதுங்க ஒரு முருங்கை மரத்து நிழல்கூட இல்லாத இடத்தில் அது எந்நேரமும் நின்றது. யாருக்கு இடுப்புவலி கண்டாலும், யாரைப் பாம்பு கொத்தினாலும், யார் கோபத்தில் கிணற்றில் குதித்தாலும் வந்து ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிட வேண்டும், ஷெட்டுக்குள் விட்டால் எடுக்க நேரமாகும் என்று அண்ணாச்சி ஷெட்டே கட்டவில்லை. இன்றைக்கு நாகலூரில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் காரின் பின்சீட்டில் பிறந்தவர்கள். மீதிப்பேர், பிறப்பதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டதால் கட்டிலில் பிறந்தவர்கள். அப்படி நின்று நின்று அந்தக் கார் முதலில் ரோஸ் ஆனது, பிறகு வெளிறியது, கடைசியில் தொட்டால் கையில் மாவு ஒட்டுகிற, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

அதை அண்ணாச்சி ஒரு பங்குனி மாதக் காலையில் பவுனுத்தாயின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பவுனுத்தாய் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். "பார்க்கலாம்", "முடிந்தவரை செய்கிறேன்" போன்ற சொற்களை அவள் பிறந்ததிலிருந்தே கற்றுக்கொள்ளவில்லை. முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அவள் பேச்சு.

"பவுனு, நல்ல செவப்பா ஒண்ணு அடிச்சுக் குடு" என்றார் அண்ணாச்சி. "ஒங்க மதினிக்காகத்தான்."

அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டே வந்தது. மதுரையில் பெரிய டாக்டர்கள் எல்லாம் பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். முதலில் அவள் கண்ணுக்கு நீலம் போனது, வானமும் அதோடு போனது. பிறகு பச்சை போனது, வேப்பமரங்கள் போயின. மஞ்சள் போன அன்று தாலிக்கயிற்றைத் தடவித்தான் இருக்கிறதென்று தெரிந்துகொண்டாள். இப்போது சிவப்பு ஒன்றுதான் மிச்சம். அடுப்புத் தணலும், குங்குமமும், மாடியில் காயும் மிளகாய் வத்தலும்தான் அவளுக்கு உலகம், மற்றதெல்லாம் இருட்டு. அதுவும் போவதற்குள், தான் கல்யாணப் பெண்ணாக ஏறி வந்த காரை, வந்த அன்று இருந்த நிறத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

பவுனுத்தாய் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பெட்ரோல் மூடியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம், வெயில் எட்டிப் பார்க்காத அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும், நேற்று அடித்ததுபோல ரத்தச் சிவப்பாக இருந்தது.

"இதுதான் மதினி பாத்த செவப்பு. நான் புதுசா அடிச்சா அது என் செவப்பு, மதினி ஒரு நொடியில கண்டுபிடிச்சிருவாக. ஒரு சொட்டுப் புதுப் பெயிண்ட் இல்லாம, உள்ள இருக்கிறதையே மேல கொண்டாரேன் அண்ணாச்சி. வரலைன்னா என் பேர மாத்திக் கூப்பிடுங்க."

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயிண்டைத் தொடுவதற்கு முன்னால், பெயிண்ட் படக்கூடாத இடத்தையெல்லாம் பழைய செய்தித்தாள் வைத்து ஒட்டி மூடிவிடுவார்கள். கண்ணாடிக்கு, விளக்குக்கு, ரப்பருக்கு எல்லாம் பேப்பர். வேலை எது, வேலை இல்லாதது எது என்று பிரிக்கிற வேலி அந்தப் பேப்பர்தான். ஆனால் தேய்த்து மெருகேற்றுகிற வேலைக்கு யாரும் பேப்பர் ஒட்டுவதில்லை, அதில் தெளிப்பதற்குத்தான் ஒன்றும் இல்லையே. பவுனுத்தாயும் ஒட்டவில்லை. பிற்பாடு அவளே தலையில் அடித்துக்கொண்டு சொன்னதுபோல, அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

காரைக் கழுவினாள், தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் மாவை இழைத்து எடுத்தாள், மெருகேற்றுகிற காம்பவுண்டுப் பசையைத் தடவிப் பஞ்சுக் கழிவால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பழைய சிவப்புக் காரைத் தேய்த்தால் பஞ்சு சிவந்துபோகும், அது தொழிலில் எல்லாரும் அறிந்தது. அன்று பஞ்சு சிவக்கவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு வெள்ளையாகவே இருக்க, முன் பானட் மட்டும் எங்கிருந்தோ வாங்கிக் குடிப்பதுபோலச் சிவந்துகொண்டே வந்தது. பவுனுத்தாய் பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், நல்லதுதானே என்று மேலே தேய்த்தாள். சாயங்காலத்துக்குள் பானட்டுக்கு மெழுகும் போட்டுவிட்டாள். மெழுகு போடாவிட்டால் ஏற்றிய நிறம் வெயிலில் நிற்காது.

அண்ணாச்சி மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார். தங்கபுஷ்பம் பானட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, "யாத்தே, வந்துட்டியா" என்று காரைப் பார்த்துக் கேட்டாள், வெளியூர் போய்த் திரும்பிய பிள்ளையைக் கேட்பதுபோல. பவுனுத்தாய்க்குப் பெருமையில் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மிளகாய் மண்டி அரியமுத்து கடையைத் திறந்தபோது, குவிந்து கிடந்த வத்தல் முழுவதும் காய்ந்த கோரைப்புல் நிறத்தில் கிடந்தது. எவனோ சரக்கை மாற்றிவிட்டான் என்று ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டார். காரம் உச்சந்தலையில் போய் நின்றது. சரக்கு அதே சரக்குதான், நிறம் மட்டும் கிளம்பிப் போய்விட்டது. பக்கத்துக் கடையில் தக்காளி அவித்த உருளைக்கிழங்குபோல இருந்தது. அம்மன் கோவிலில் பூசாரி திருநீறு எது, குங்குமம் எது என்று தெரியாமல் இரண்டையும் முகர்ந்து முகர்ந்து கொடுத்தார். தபால்பெட்டி வெளுத்துப்போனதால் ஒருவர் அதைக் குப்பைத்தொட்டி என்று நினைத்து வாழைத்தோலைப் போட்டுவிட்டுப் போனார். சலூனில் கன்னம் வெட்டுப்பட்ட ஒருவருக்குக் கஞ்சித்தண்ணீர் வழிந்தது. வெற்றிலை போட்டவர்கள் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். முதல்நாள் மருதாணி வைத்த புதுப்பெண் ஒருத்தி, கை சிவக்கவில்லை, புருசனுக்குப் பாசமில்லை என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். கட்சி ஆபீஸ் வாசலில் தோழர் இருளப்பன் கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்து, வெள்ளைக்கொடி பறப்பதைக் கண்டு, "சமாதானமா? யாரைக் கேட்டு?" என்று கத்தினார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அம்மன் கோபம் என்றார்கள், உரம் போட்ட தக்காளியால் வந்தது என்றார்கள், தேர்தல் வருகிறது என்றார்கள். இதற்கிடையில் பூசாரி, பழைய தினத்தாளில் பொட்டலம் கட்டிவைத்திருந்த குங்குமத்தைப் பிரித்தபோது அது மட்டும் நல்ல சிவப்பாக இருந்தது. பேப்பருக்குள் இருந்தது தப்பித்துக்கொண்டது என்ற சேதி பட்டறைக்கு வந்ததும் பவுனுத்தாய் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் பட்டறையைப் பூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போயிருப்பார்கள். அவள் நேராக பஜார் நடுவில் வந்து நின்றாள்.

"நாந்தான். பேப்பர் ஒட்டாம தேச்சுட்டேன், சுத்தி இருந்ததெல்லாம் உள்ள போயிருச்சு. ஒண்ணும் தொலைஞ்சு போகல. ஒங்க செவப்பு பத்திரமா அண்ணாச்சி கார் பானட்டுல இருக்கு. சந்தேகம்னா வந்து பாத்துக்கங்க."

வந்து பார்த்தார்கள். நாகலூர்க்காரர்கள் எதற்கு ஆச்சரியப்படுவார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் இதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, அவரவர் சிவப்பு எங்கே இருக்கிறதென்று தேடினார்கள். அரியமுத்து பானட்டின் இடது ஓரத்தைக் காட்டி, "இது என் சரக்கு, இந்த ஒசத்தி வேற யார்கிட்டயும் கிடையாது" என்றார். தோழர் இருளப்பன் நடுவில் ஒரு துண்டைத் தன் கொடி என்று அடையாளம் கண்டு, யாரும் பார்க்காதபோது அதற்கு ஒரு வணக்கம் வைத்தார். கோபம் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் பின்சீட்டில் பிறந்தவன் எந்த வாயால் அந்தக் காரைத் திட்டுவான்? "ஆரம்பிச்ச வேலைய முடி பவுனு, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய், வீட்டில் மிச்சமிருந்த சிவப்பையெல்லாம் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தார்கள்.

அதன்பிறகு நாகலூரைப் பார்க்க வேண்டுமே. பட்டுச்சேலைக்குப் பேப்பர், காஸ் சிலிண்டருக்குப் பேப்பர், சேவல் கொண்டைக்குக்கூடப் பேப்பரில் குல்லாய். மேலத்தெருவில் காயவைத்த வத்தலைப் பேப்பரால் மூடி நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளை மூட்டை மூட்டையாகச் சுற்றி அடுக்கினார்கள். பழைய பேப்பர் கிடைக்காமல், இன்னும் படிக்காத பேப்பரையே சுற்றியதால் உலகத்தில் என்ன நடக்கிறதென்று ஊருக்குத் தெரியாமல் போனது, அதனால் ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை. பவுனுத்தாய் ஒரு கதவைத் தேய்த்தால் ஒரு தெரு வெளுத்தது, இன்னொரு கதவைத் தேய்த்தால் இன்னொரு தெரு. பேப்பருக்குள் இருந்ததைத் தவிர ஊரில் சிவப்பே இல்லை, பேப்பருக்குள் இருந்ததையோ யாரும் பார்க்க முடியவில்லை. எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பதுபோல, ஒரு சிவப்பும் இல்லாத டெய்லர்கூடத் தன் தையல் மிஷினைச் சுற்றிவைத்திருந்தார்.

இனிமேல் கூரையும் டிக்கியும் வலது பக்கமும்தான் பாக்கி என்று பவுனுத்தாய் இடுப்பை நிமிர்த்தியபோது அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே நின்றார். எத்தனையோ சாவு வீடுகளுக்குக் கார் ஓட்டிப் போனவர், அந்த முகத்தோடு அவரை அவள் பார்த்ததில்லை.

"மதினி தடுக்கி விழுந்துட்டா பவுனு. அடுப்புத் தணல் தெரியலையாம். வத்தல் தெரியல. சாமி படத்துல குங்குமம் தெரியல. ஒண்ணுமே தெரியலங்குறா."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. சிவப்பு ஒன்றுதான் அவள் கண்ணில் மிச்சம். ஊரிலிருந்து அதை உருவிவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம் என்று யாருமே யோசிக்கவில்லை. பவுனுத்தாய் வாழ்க்கையில் முதல்முறையாக என்ன செய்வதென்று தெரியாமல், தேய்த்த கையைத் தேய்க்காத கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாருக்காகச் செய்தாளோ அவளையே இருட்டில் தள்ளிவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

அந்த நேரத்தில் தங்கபுஷ்பமே வந்துவிட்டாள், எதிர்வீட்டுக்காரி தோளைப் பிடித்துக்கொண்டு. பட்டறைக்குள் நுழைந்ததும் தோளை விட்டுவிட்டுக் காரைப் பார்த்து நேராக நடந்தாள், அவளுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

"பவுனு, அழுதியா? குரல் கம்மியிருக்கே."

"என்ன மன்னிச்சிருங்க மதினி."

"மன்னிக்க என்ன இருக்கு? சொன்ன மாதிரி கொண்டாந்துட்ட. ஆனா ஒரு காரை மட்டும் பாத்துக்கிட்டு இருக்கவா நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன்? அரியமுத்து கடை வத்தல் வேணும். அந்த இருளப்பன் கொடி வேணும், அது ஆடுறத வச்சுத்தான் காத்து எந்தப் பக்கம்னு பாப்பேன். எல்லாத்தையும் திருப்பி விட்டுரு."

"அப்ப காரு? முழுசாப் பாக்கணும்னு கேட்டீகளே?"

"ஆசைதான்" என்றாள் தங்கபுஷ்பம். "இல்லேங்கல."

பவுனுத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தபோது பழைய பவுனுத்தாயாகத்தான் எழுந்தாள்.

"ரெண்டும் நடக்கும் மதினி. நான் சொல்றேன், நடக்கும்."

ஊரைக் கூட்டினாள். இத்தனை வருசமாக வெயில் இந்தக் காரிடம் எடுத்ததையெல்லாம் இந்த ஊரில்தான் இறைத்திருக்கிறது, தான் தேய்த்தது அதைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது என்றாள். தேய்ப்பது நிறத்தைக் கூப்பிடுகிறது, மெழுகு அதைப் பூட்டுகிறது. மெழுகை எடுத்துவிட்டு உச்சிவெயிலில் காரை ஓட்டினால் வெயில் தன் பழைய வேலையைச் செய்யும், ஒரே பகலில் எல்லாம் அவரவர் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் கார் ஒருமுறை முழுசாகச் சிவக்க வேண்டும், அதற்கு ஊரில் ஒளித்துவைத்த சிவப்பெல்லாம் வேண்டும். "பேப்பரப் பிரிங்க. ஒரு காலைப்பொழுதுக்குத் தாங்க."

திரும்பி வராவிட்டால் என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸுக்கு அதுதான் பிழைப்பு, கல்யாண வீட்டுக்கு அது ஒன்றுதான் பட்டுச்சேலை. அப்போது அரியமுத்து தொண்டையைச் செருமினார்.

"எங்கம்மா என்னையப் பெத்தது அந்தக் காருல, நடுரோட்டுல, மழையில. அண்ணாச்சி சட்டையக் கழட்டித்தான் என்னையச் சுத்துனாராம்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த கடைசிக் குங்குமப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்தார்.

அதற்குப் பிறகு நாகலூரில் பேப்பர் கிழிகிற சத்தம்தான். தெருத்தெருவாக, மாடி மாடியாக, பீரோக்குள்ளிருந்தும் பரணிலிருந்தும் கிழித்தார்கள். சேவல்கள் குல்லாய் போய்த் தலையைச் சிலுப்பிக்கொண்டன. பட்டறையில் பவுனுத்தாய் கூரையைத் தேய்த்தாள், டிக்கியைத் தேய்த்தாள், வலது பக்கத்தைத் தேய்த்தாள். பட்டுச்சேலை வெளுத்தது, தீக்குச்சிகள் வெளுத்தன, சேவல் கொண்டைகள் வெளுத்தன. ஒரு ஊரின் மொத்தச் சிவப்பும், சிறுபிள்ளைகளின் முழங்கால் சிராய்ப்பு முதற்கொண்டு, அந்த ஒரு காருக்குள் போய்ச் சேர்ந்தது. பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளும் வெளியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

தங்கபுஷ்பம் காரைச் சுற்றி நடந்தாள்.

"அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு" என்றாள். "டிக்கி மேல ஒரு கோழி உக்காந்திருந்துச்சு அன்னைக்கு, அது ஒண்ணுதான் கொறை." போதும் என்கிற வரைக்கும் பார்த்தாள். பிறகு அவளே, "கிளப்புங்க" என்றாள்.

பவுனுத்தாய் சோப்புத் தண்ணீரால் மெழுகு முழுவதையும் கழுவினாள். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தார், தங்கபுஷ்பம் கல்யாணத்தன்று உட்கார்ந்த மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்தாள், பவுனுத்தாய் பின்சீட்டில். கார் உச்சிவெயிலில் பஜாருக்குள் நுழைந்தது, மெதுவாக, சப்பரம் நகர்கிற மாதிரி. வெயில் அதைக் கண்டது, பழைய பழக்கம் விடுமா, கையை வைத்தது.

"அந்தா, வத்தல்!" என்றாள் தங்கபுஷ்பம். அரியமுத்து கடை வாசலில் குவியல் அடியிலிருந்து நுனிவரை குப்பென்று சிவந்தது. "அந்தா தக்காளி. தபால்பெட்டி. யாரோ வெத்தல போட்டுட்டுச் சிரிக்காக." கொடிக்கம்பத்தைக் கார் தாண்டியபோது, "இருளப்பா, ஒன் கொடி கிழக்க பாத்து ஆடுதுய்யா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். தோழர் முஷ்டியை உயர்த்தியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டி கட்டிய புதுப்பெண்ணின் கை சிவந்தது. சேவல்கள் நேரங்கெட்ட நேரத்தில் கூவின. நாகலூரில் ஒரு தெரு விடாமல் கார் போயிற்று, போகப்போக வெளிறியது, அது வெளிற வெளிற தங்கபுஷ்பத்தின் கண்ணில் ஊர் வீடு வீடாக ஏற்றிய விளக்குபோல வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கார் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, பழையபடி பெயர் சொல்ல முடியாத நிறத்தில் இருந்தது. தங்கபுஷ்பத்துக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை. கதவைத் தடவித் திறந்துகொண்டு இறங்கி, "நல்ல காரு" என்று அதன் கூரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அதோடு எல்லாம் முடிந்ததென்று யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் தெருவில் வேறொன்று கிடந்தது. கார் போன வழியெல்லாம் கரிசல் மண்ணில் இரண்டு டயர்த் தடமும் சிவந்து கிடந்தன. மழை வந்தும் அது கரையவில்லை. தங்கபுஷ்பம் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனாள், கோவிலுக்குப் போனாள், மேலத்தெருவில் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டும் வந்தாள். அவள் வருகிறபோது தடத்தில் மாட்டைக் கட்டியிருந்தால் ஊர்க்காரர்களே அவிழ்த்து நகர்த்தினார்கள்.

அடுத்த வருசம் தெருவுக்குத் தார்ரோடு போட ஆட்கள் வந்தார்கள். ஜல்லி வந்தது, தார் டின் வந்தது, ரோலர் வந்தது. காண்டிராக்டர் காலையில் வந்து பார்த்தபோது, பவுனுத்தாய் தெருவில் குனிந்தபடி இருந்தாள். அவளுக்குப் பின்னால் அரியமுத்து, தோழர், பூசாரி, புதுப்பெண், அவள் புருசன் என்று பஜார் முக்கிலிருந்து ஊர்க்கோடிவரை மொத்த ஊரும் குனிந்து, இரண்டு சிவப்புத் தடத்தின் மேலும் பழைய பேப்பரை வைத்து ஓரம் பிசகாமல் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் காண்டிராக்டர்.

"வேலை ஆரம்பிக்கு முன்னாடி பேப்பர் ஒட்டணும்" என்றாள் பவுனுத்தாய், நிமிராமலே. "இனி நீங்க ஊத்துங்க. பேப்பர் மேல ரோலர் ஏறுச்சு, அப்புறம் இருக்கு."

ஊற்றினார்கள். தார் ஆறியதும் பேப்பரை உரித்தார்கள். கன்னங்கரேலென்ற புது ரோட்டில் இரண்டு சிவப்புக் கோடுகள் ஊர் முழுக்க ஓடின.

சாயங்காலம் தங்கபுஷ்பம், ஒரு தூக்குவாளியில் சூடாக மீன்குழம்போடு, யார் துணையும் இல்லாமல் கோட்டின் மேலேயே நடந்து பட்டறைக்கு வந்தாள்.

"ஏ பவுனு" என்றாள், வாளியை நீட்டியபடி. "ஊர்ல புது ரோடு போடுறாகளாமே, எந்தப் பக்கம்?"